வீட்டுக்குப் பின்னால் குருவிக்கு ஒரு பலகை



மாரண்டஹள்ளி பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். சந்தா வசூல், உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்து தீர்மான நோட்டில் கையெழுத்தும் ஆகிவிட்டது. கிளம்பும் நேரத்தில் ஒரு அக்கா, "மேடம், குருவிக்குத் தீனிப் பலகை செய்யறதப் பத்தி செய்தி மடல்ல எழுதறோம்னு சொன்னீங்களே, எப்ப எழுதுவீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த இன்னொரு அக்கா விடவில்லை. "நம்ம புள்ளைங்களுக்கே தினம் ஒரு முட்டை வாங்கிப் போட முடியல. குருவிக்குப் பலகையாம், கூரையாம்!"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் இரண்டாவது அக்கா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் சுத்தியலை எடுக்கக் கூடாது. அதனால் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம்.

ஒரு பலகைக்கு ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி தானியம் போதும். கைப்பிடி என்பது சுமார் 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரை கிலோ. இதைக் கடையில் வாங்க வேண்டாம். கேழ்வரகு, கம்பு, சாமை புடைக்கும்போது முறத்தில் மிஞ்சுகிற நொய், பொடி மணி, அரிசி களையும் முன் பொறுக்கி எறிகிற குருணை இதற்குப் போதும். ரேஷன் அரிசியை அளந்து போட வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லை. பலகைக்கு ஆகும் மரம் தச்சுப் பட்டறையில் விழுகிற துண்டு. ஆணிக்கும் உப்புத்தாளுக்கும் மட்டும் கொஞ்சம் காசு ஆகும். இதற்காக யாரும் உள்கடன் கேட்டு வராதீர்கள். இது வருமானம் தரும் தொழிலும் அல்ல. பலகை செய்து விற்கலாமா என்று 2 குழுக்களில் கேட்டார்கள். முதலில் உங்கள் வீட்டில் ஒன்று வைத்து ஒரு வருஷம் பாருங்கள், விற்பதைப் பிறகு பேசலாம்.

குருவி எங்கே போச்சு?

சிட்டுக்குருவியை நம் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் குப்பச்சி என்பார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் பிச்சுக என்பார்கள். மூன்று பாஷையிலும் பேர் உள்ள இந்தக் குருவி முன்பெல்லாம் நாம் கூப்பிடாமலே வீட்டுக்குள் வந்தது. நாட்டு ஓட்டு இடுக்கில், கூரை வாரையில், சாமி படத்துக்குப் பின்னால் கூடு கட்டும். வைக்கோலை வீட்டுக்குள் போட்டு அசிங்கம் பண்ணுகிறது என்று நாமே திட்டியிருக்கிறோம். புதுசாக அறுத்த நெல்லில் கதிர்க்குஞ்சம் கட்டி வாசலிலோ கோயில் மண்டபத்திலோ தொங்கவிடும் வழக்கம் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. அழகுக்கும் ஆச்சு, குருவிக்குத் தீனியும் ஆச்சு. நாம் செய்யப்போகும் பலகை அந்தக் குஞ்சத்தின் இன்னொரு வடிவம்தான்.

பிறகு என்ன ஆனது? கூரை வீடுகளை மாற்றிக் கான்கிரீட் வீடு கட்டும் திட்டம் 2010-இல் வந்தது. அடுத்த வருஷம் பசுமை வீடு, அதற்குப் பிறகு 2016 முதல் பிரதமர் பெயரிலான வீட்டுத் திட்டம் என்று வரிசையாக வந்தன. ஒழுகுகிற கூரைக்குக் கீழே பிள்ளையை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் நம் உறுப்பினர்களில் எத்தனையோ பேர். தளம் போட்ட வீடு வந்தது நல்லது, அதில் எங்களுக்கு இரண்டு பேச்சு கிடையாது. ஆனால் தளம் போட்ட வீட்டில் குருவி நுழைய இடுக்கு இல்லை. களமும் போய்விட்டது. அறுவடை மிஷின் வந்தபின் வீட்டு வாசலில் தானியம் சிதறுவதும் குறைந்தது.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் பூச்சி. குருவி தானியம் தின்கிற பறவைதான், ஆனால் பொரித்த குஞ்சுக்கு முதல் நாட்களில் தானியம் செரிக்காது. தாயும் தகப்பனும் புழு, பூச்சி பிடித்து வந்து ஊட்ட வேண்டும். தக்காளிக்கும் பீன்ஸுக்கும் நாம் அடிக்கிற மருந்தில் அந்தப் புழு பூச்சி மிச்சம் இருப்பதில்லை. பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் இதை விளக்கவே வேண்டாம். பக்கத்துக் கொல்லையில் அடித்த மருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்தாலே புழு என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் நீங்கள்.

செல்போன் டவரால்தான் குருவி செத்தது என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். 2018-இல் வந்த ரஜினி படத்தைப் பார்த்த பிறகு இந்தப் பேச்சு அதிகமாகிவிட்டது. ஆனால் அதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. நாடு முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் பதிவு செய்த கணக்கை வைத்து 2020-இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்று ஓர் அறிக்கை வந்தது. சிட்டுக்குருவி மொத்தமாகப் பார்த்தால் 25 வருஷமாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெரிய நகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அதாவது, நம் மாதிரி ஊர்களில் குருவி இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. பஸ் ஸ்டாண்டு மளிகைக் கடை வாசலில் போய் நின்று பாருங்கள், மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் 2002-இல் சிட்டுக்குருவியை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் நாட்டில் நாசிக்கைச் சேர்ந்த முகமது திலாவரும் அவருடைய நேச்சர் ஃபாரெவர் சொசைட்டியும் எடுத்த முயற்சியால் 2010 முதல் மார்ச் 20-ஆம் தேதி உலக சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. டெல்லி அரசு 2012-இல் குருவியைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. குருவி குறைந்த ஊரில்தான் குருவிக்கு மரியாதை வருகிறது போல.

என்னென்ன வேண்டும்

அரை அங்குலம் கனமுள்ள பலகையும், ஒரு அங்குலம் சதுர ரீப்பர் கட்டையும் வேண்டும். பழைய பேக்கிங் பெட்டிப் பலகை, தக்காளி வந்த மரப்பெட்டி, தச்சர் ஒதுக்கிய மாமரத் துண்டு எதுவானாலும் சரி. பூச்சி மருந்து பாட்டில் வந்த பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். பெயின்ட் அடித்த பழைய கதவுத் துண்டும் வேண்டாம். பறவை அலகால் கொத்திக்கொண்டே இருக்கும், பெயின்ட் உள்ளே போகும். ப்ளைவுட் ஒரு மழைக்கே ஊதிப் பிரிந்துவிடும்.

அளவு இப்படி:

அடிப்பலகை 1, நீளம் 12 அங்குலம், அகலம் 9 அங்குலம்.
ஓரச் சட்டம் 12 அங்குல நீளத்தில் 2, 9 அங்குல நீளத்தில் 2. எல்லாம் 2 அங்குல அகலம்.
ரீப்பர் கால் 9 அங்குலத்தில் 2, 7 அங்குலத்தில் 2.
கூரைப் பலகை 1, நீளம் 15, அகலம் 12 அங்குலம். அத்தனை அகலத்தில் ஒரே பலகை கிடைக்காவிட்டால் இரண்டைச் சேர்த்து மேலே எண்ணெய் டின் தகரத்தை விரித்து அடித்துவிடுங்கள்.
தாங்கு பலகை 6 அங்குலச் சதுரத்தில் 1.
ஒன்றரை அங்குல ஆணி, ஒரு அங்குல ஆணி, உப்புத்தாள், கொசுவலைத் துண்டு ஒன்று.
நடுவதற்கு 7 அடிக் கம்பம். சவுக்கு, மூங்கில், பழைய இரும்புக் குழாய் எது இருக்கிறதோ அது. இரும்புக் குழாயானால் தாங்கு பலகையை வெல்டிங் பட்டறையில் சொல்லித்தான் பொருத்த வேண்டும்.

"ரம்பம் பிடிக்க எங்களுக்கு வராது" என்று சொல்லாதீர்கள். விறகு பிளக்கிற கைக்கு அரை அங்குலப் பலகை ஒரு வேலையா? நாங்கள் பயிற்சி வைத்த இடத்தில் அறுபது வயது அம்மா ஒருவர்தான் எல்லோரையும் விட நேராக அறுத்தார்.

செய்யும் முறை

அறுத்த பலகைகளின் விளிம்பை எல்லாம் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். சிலாம்பு இருந்தால் பறவையின் காலில் ஏறும், நம் கையிலும் ஏறும்.

அடிப்பலகையில் மழைத் தண்ணீர் வடிய 6 ஓட்டை போட வேண்டும். பெரிய ஆணியை அடித்துப் பிடுங்கினாலும் ஓட்டைதான், ஆனால் பலகை வெடிக்கும். கைத்துரப்பணம் இருந்தால் நல்லது. ஓட்டை வழியாகக் கேழ்வரகு கீழே கொட்டிவிடும் என்பதால் கொசுவலைத் துண்டை அடிப்பலகை அளவுக்கு வெட்டி மேலே விரித்துக்கொள்ளுங்கள். ஆணி அடிக்க வேண்டாம். வாரம் ஒருமுறை எடுத்து அலச வேண்டியது அது.

நான்கு கால்களையும் அடிப்பலகையின் நான்கு மூலையில் நிறுத்தி, பலகைக்கு அடியிலிருந்து ஒன்றரை அங்குல ஆணி அடியுங்கள். 9 அங்குலக் கால் இரண்டும் நீளவாட்டில் ஒரு பக்கம், 7 அங்குலக் கால் இரண்டும் எதிர்ப்பக்கம். அப்போதுதான் கூரை சரிவாக நிற்கும். காலின் முனையில் நேராக ஆணி அடித்தால் பிளக்கும், முதலில் மெல்லிய ஓட்டை போட்டுக்கொண்டு அடியுங்கள்.

பிறகு ஓரச் சட்டங்கள். அடிப்பலகையின் விளிம்பையும் மூடி, மேலே ஒன்றரை அங்குலம் எழும்பி நிற்கிற மாதிரி வெளிப்பக்கத்தில் வைத்து, ஒரு அங்குல ஆணியால் காலோடு சேர்த்து அடியுங்கள். காற்றில் தானியம் பறக்காமல் இருக்கத்தான் இந்தச் சட்டம், குருவி உட்காரும் படியும் அதுவே. மூலையில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தால் பரவாயில்லை.

அடுத்து கூரை என்று நினைப்பீர்கள். இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். முதல் பலகையில் அழகாகக் கூரையை அடித்து முடித்துவிட்டுக் கம்பத்தின் மேல் தூக்கி வைத்தால், உள்ளே சுத்தியலை ஓங்க இடமே இல்லை. பிறகு கூரையைப் பிடுங்கி, அதில் ஒரு பலகை உடைந்து, பெரிய வேலையாகிவிட்டது. எனவே கம்பத்தைப் படுக்க வைத்து அதன் தலையில் தாங்கு பலகையைப் பெரிய ஆணியால் அடியுங்கள். அதன் மேல் தட்டை வைத்து உள்ளிருந்து 4 ஆணி அடித்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் கூரை. கூரை எல்லாப் பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும், சாரல் உள்ளே வராது.

எண்ணெய் பூச வேண்டுமானால் கூரையின் மேல்பக்கத்தில் மட்டும் பூசுங்கள். வார்னிஷ், கிரீஸ், கழிவு ஆயில் கூடாது. கரையான் ஏறாமல் இருக்கக் கம்பத்தின் அடியில் கழிவு ஆயில் தடவுவது நம் வழக்கம். மண்ணுக்குள் போகும் பாகத்தோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கே நடுவது

கம்பத்தை ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தால் தட்டு ஐந்தரை அடி உயரத்தில் நிற்கும். தானியம் வைக்க ஒரு முக்காலி போட்டு ஏறிக்கொள்ளலாம். உயரத்தைக் குறைக்காதீர்கள். குறைத்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் முதல் பலகையைக் கை எட்ட வேண்டும் என்று சுவரை ஒட்டி நான்கடியில் வைத்தோம். ஒரு வாரத்தில் குருவி பழகியது. இரண்டாவது வாரம் பூனையும் பழகிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் தரையில் இறகுதான் கிடந்தது. தீனி போட்டுக் கூப்பிட்டு வந்து பூனைக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

சுவர், வேலி, புதர் எதுவும் 6 அடிக்குள் இருக்கக் கூடாது. பதுங்கி இருந்து பாயத்தான் பூனைக்குப் புதர் வேண்டும். ஆனால் 10, 15 அடி தூரத்தில் ஒரு முருங்கையோ கொய்யாவோ இருப்பது அவசியம். வல்லூறு வந்தால் குருவி பறந்து ஒளிய மரம் வேண்டும். மரமே இல்லாத வெட்டவெளியில் வைத்தால் குருவி வராது. கம்பத்தில் நாலடி உயரத்தில் எண்ணெய் டின் தகரத்தைக் கவிழ்த்த புனல் மாதிரி சுற்றி அடித்துவிட்டால் பூனையும் பாம்பும் ஏறுவது கஷ்டம். அணில் எப்படியும் வரும். அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். கண்ணாடி ஜன்னலுக்கு நேராகவும் வேண்டாம், அதில் தெரியும் வானத்தை நிஜம் என்று நினைத்து மோதி விழும்.

கோழிக் கொட்டகைக்குப் பக்கத்திலும் கட்டாயம் வேண்டாம். நாட்டுக்கோழி நம் உறுப்பினர்கள் பலருக்குக் கைச்செலவுக் காசு. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடையே காலியாகும். காட்டுப் பறவையின் எச்சம் வழியாகக் கோழிக்கும், கோழியிடமிருந்து காட்டுப் பறவைக்கும் நோய் போகலாம். பலகையிலிருந்து சிந்தும் தானியத்தைக் கோழி பொறுக்காதபடி தள்ளி வையுங்கள். கோழிக்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுவிடுங்கள், அதற்கும் குருவிக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும் போட வேண்டியதுதான்.

என்ன போடலாம், எது கூடாது

கம்பு, சாமை, தினை, கேழ்வரகு, குருணை அரிசி, உடைத்த சோளம் போடலாம். உப்புப் போடாத சோறு கொஞ்சம் போடலாம், ஆனால் சாயங்காலத்துக்குள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். வாழைப்பழம், பப்பாளி, கொய்யாத் துண்டு வைத்தால் மைனாவும் கொண்டைக் குருவியும் வரும்.

உப்பு, ஊறுகாய் பட்ட சோறு, மிக்சர், முறுக்கு, எண்ணெய்ப் பலகாரம், பால் வேண்டாம். பூசணம் பிடித்த நிலக்கடலை வேண்டவே வேண்டாம், அது பறவைக்கும் விஷம், நமக்கும் விஷம்.

இப்போது நாங்கள் எழுதத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறோம்.

பலகை வைக்கச் சொல்லி முதலில் கூட்டங்களில் பேசியபோது "கம்பு போடுங்க, சோளம் போடுங்க" என்று மட்டும் சொன்னோம். ஒரு அக்கா அப்படியே செய்தார். விதைத்தது போக மீதி இருந்த பாக்கெட் சோள விதையை வீணாக்க வேண்டாமே என்று பலகையில் கொட்டினார். ரோஸ் கலரில் இருந்தது. இரண்டு நாளில் வேலியோரம் மணிப்புறாக்கள் செத்துக் கிடந்தன. எங்களைக் கூப்பிட்டுக் காட்டியபோது அந்த அக்கா அழுதார். "புண்ணியம்னு நெனச்சுதானே மேடம் போட்டேன்" என்றார். பாவம் அவருடையது அல்ல. பாக்கெட் விதையில் பூச்சி மருந்தும் பூசண மருந்தும் கலந்து பூசியிருக்கிறார்கள், தின்னக்கூடாது என்று தெரியத்தான் சாயம் போட்டிருக்கிறார்கள் என்பதை நாங்கள்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அது எங்கள் தவறு.

ஆகவே தெளிவாக எழுதுகிறோம். ரோஸ், சிவப்பு, பச்சை, நீலம் என்று எந்தச் சாயம் பூசிய விதையையும் பறவைக்குப் போடாதீர்கள். கழுவிப் போட்டாலும் மருந்து முழுதாகப் போகாது. கோழிக்கும் போடாதீர்கள். மாவு மில்லுக்கும் கொண்டுபோகாதீர்கள். மீதி விதையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், அதே பாக்கெட்டில் வையுங்கள். வீட்டில் நீங்களே விதைக்கு மருந்து கலந்தால் கலந்த முறத்தைத் திரும்பச் சமையல் தானியம் புடைக்க எடுக்காதீர்கள். எலி மருந்து வைத்த வீட்டில் அது தீரும் வரை பலகையில் தீனி வைக்க வேண்டாம்.

அந்த அக்கா வீட்டுப் பலகை இப்போதும் இருக்கிறது. இப்போது அதில் சாமை மட்டும்தான்.

கேவுரு கொல்லையை அழிச்சிடாதா?

இதுவும் எல்லாக் கூட்டத்திலும் வருகிற கேள்வி. கதிர் முற்றும் நேரத்தில் குருவி, மைனா, கிளி எல்லாம் இறங்குவது உண்மை. தகரம் தட்டிக்கொண்டு பரண் மேல் நின்றவர்கள் நீங்கள், உங்களிடம் இல்லை என்று சொல்ல முடியாது. எனவே எங்கள் யோசனை, கொல்லையை ஒட்டிய வீடுகளில் பலகை வேண்டாம், ஊருக்குள் இருக்கும் வீடுகளில் வையுங்கள். கதிர் முற்றும் சில வாரங்கள் தீனியைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆனால் குருவியே இல்லாமல் போனால் நல்லது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். சீனாவில் 1958-இல் தானியத்தைத் தின்கிறது என்று சொல்லிக் குருவிகளைக் கொல்ல அரசே இயக்கம் நடத்தியது. ஊர் முழுக்கத் தட்டும் பாத்திரமும் அடித்து, குருவி உட்காரவே விடாமல் பறக்க வைத்துக் களைத்து விழச் செய்தார்கள். குருவி போனதும் வெட்டுக்கிளியும் புழுவும் பெருகிப் பயிரைத் தின்றன. அதே சமயம் அங்கே பெரும் பஞ்சமும் வந்தது. பஞ்சத்துக்கு அரசின் தவறுகள் வேறு பல உண்டு, இதுவும் அதில் சேர்ந்தது. 1960-இல் குருவியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அதற்குப் பதில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

தண்ணீர்தான் முக்கியம்

வெளிநாடுகளில் பனி விழுந்து எல்லாம் மூடிப்போகும் மாதங்களில்தான் தீனிப் பலகை உயிர் காக்கிறது. நமக்குப் பனி இல்லை. வருஷம் முழுக்க எங்காவது தானியம் சிந்தும். நம் ஊரில் பறவைக்கு உயிர் போகிற காலம் சித்திரை வெயில்தான். பஞ்சப்பள்ளி அணை வற்றி, குட்டைகள் வெடித்துக் கிடக்கும்போது தானியத்தை விடத் தண்ணீர் பெரிசு. பலகை செய்ய முடியாதவர்கள் ஒரு மண்தட்டில் தண்ணீர் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல் போடுங்கள், குஞ்சு விழுந்தால் ஏறி வர. தினமும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்படியே விட்டால் டெங்கு கொசு முட்டையிடும். பிறகு சுகாதார ஆய்வாளர் வந்து எங்களைத்தான் கேட்பார்.

வாரம் ஒருமுறை பலகையைப் பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, வெயிலில் காயவிட்ட பிறகே தீனி போடுங்கள். எச்சத்தோடு கலந்த தீனியால் பறவைக்கு நோய் வரும். கழுவியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பலகையைச் சுற்றிப் பறவைகள் காரணம் தெரியாமல் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். தீனி வைப்பதை நிறுத்திவிட்டுக் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள்.

வருகிற கிளியைப் பிடித்துக் கூண்டில் வளர்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூடாது. 1972-ஆம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

மற்ற ஊர்களில்

சென்னை ராயப்பேட்டையில் கேமரா ரிப்பேர் வேலை செய்தவர் சேகர். 2004 சுனாமிக்குப் பிறகு அவர் வீட்டு மொட்டைமாடிக்குச் சில கிளிகள் வந்தன. மரப்பலகைகளை வரிசையாக வைத்து அதில் அரிசி போட்டார். நாளடைவில் ஆயிரக்கணக்கான கிளிகள் காலையும் மாலையும் வர ஆரம்பித்தன. தன் சம்பாத்தியத்தில் பெரும் பங்கை அரிசிக்கே செலவு செய்தார். அவ்வளவு நம்மால் ஆகாது. நம் ஒரு கைப்பிடியோடு நிற்போம். ஆனால் பெரிய பங்களா வசதி இல்லாத ஒரு சாதாரண மனிதர், வெறும் பலகையை வைத்துச் செய்தார் என்பதற்காகச் சொன்னோம்.

இன்னொன்று சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி கிராமம். 2020-இல் ஊரடங்கு சமயம். தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை கூடு கட்டி முட்டை இட்டிருந்தது. சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும். ஊர்க்காரர்கள் பேசி, குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை தெருவிளக்கே போடாமல் ஒரு மாதத்துக்கு மேல் இருட்டில் இருந்தார்கள். ராத்திரி வெளியே போகப் பெண்களுக்கு எவ்வளவு சிரமம் இருந்திருக்கும் என்பது நமக்குப் புரியும். ஊர் சேர்ந்து முடிவு எடுத்ததால் முடிந்தது.

கூடு கட்டும் பெட்டியும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதே மரத்தில் 6 அங்குலச் சதுரம், 9 அங்குல உயரத்தில் நான்கு பக்கமும் மூடிய பெட்டி செய்து, முன்பக்கம் மேல்பாகத்தில் ஒன்றேகால் அங்குல ஓட்டை போடுங்கள். ஓட்டை பெரிதானால் மைனா புகுந்துவிடும். அதைத் தாழ்வாரத்தில், வெயில் படாத பக்கம், பத்தடி உயரத்தில் மாட்டுங்கள். தீனிப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள், கூட்டம் கூடும் இடத்தில் குருவி முட்டை இடாது. மூன்று முதல் ஐந்து முட்டை வரை இடும், சுமார் இரண்டு வாரத்தில் பொரிக்கும், அடுத்த இரண்டு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும். அந்த ஒரு மாதம் பெட்டியைத் திறந்து பார்க்கிற ஆசையைப் பிள்ளைகள் அடக்க வேண்டும். வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் அந்த மாதமாவது மருந்து அடிக்காதீர்கள்.

பலகை வைத்த மறுநாளே குருவி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் காகம் வரும். பிறகு அணில். தவிட்டுக் குருவிகள் ஏழெட்டாக வந்து சத்தம் போட்டுவிட்டுப் போகும். சிட்டுக்குருவி தூரத்தில் உட்கார்ந்து பத்து நாள், பதினைந்து நாள் வேவு பார்க்கும். சில வீடுகளில் இரண்டு மாதம் ஆனது. தினம் ஒரே நேரத்தில் தீனி வையுங்கள், வைத்துவிட்டு விலகிப் போய்விடுங்கள். முட்டைக் கணக்குக் கேட்ட அக்காவும் ஒரு பலகை வைத்திருக்கிறார். இதுவரை வந்தது அணில் மட்டும்தான் என்று போனில் திட்டினார்.

கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு ரம்பமும் ஒரு கைத்துரப்பணமும் இருக்கின்றன. குழுப் பிரதிநிதி வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த குழு காத்திருக்கிறது.